வரைபடத்தில் நிறம் மாற்றினால் தெரு கடைவீதி ஆகிவிடுமா?

வேலூரில் ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவும் கூடிய சீக்கிரம் வணிகப் பகுதி ஆகிவிடும் என்று வீட்டுத் தரகர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். "இப்ப வித்துடாதீங்கண்ணே, மாஸ்டர் பிளான் மாறட்டும், சதுர அடி விலை எங்கேயோ போயிடும்" என்கிறார்கள். மாஸ்டர் பிளான் என்றால், ஊரில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டும் முழுமைத் திட்டம். தெருவில் பாதிப் பேருக்குத் தரகர்கள் சொல்வது நல்ல செய்தி. எனக்கு வயிறு எரிகிறது. ஏற்கெனவே வணிகப் பகுதி ஆகிவிட்ட தெருக்களில் தினமும் நடந்து போகிறவன் நான், அங்கே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஊர் வளரக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்குத் தங்க லாட்ஜ் வேண்டும், சமைத்துச் சாப்பிட அடுப்போடு ரூம் வேண்டும், மருந்துக் கடை வேண்டும், ஜெராக்ஸ் கடைகூட வேண்டும். காந்தி ரோடும் பாபு ராவ் தெருவும் எப்போதோ நிரம்பிவிட்டன. கூட்டம் பக்கத்துத் தெருக்களுக்குப் பரவத்தான் செய்யும், பரவட்டும். ஆனால் கடை வைக்க அனுமதி தரும் எல்லையை மட்டும் தள்ளிக்கொண்டே போகிறோம், அந்த எல்லைக்குள் எழும்பும் கட்டடம் தெருவோடு எப்படிச் சேர வேண்டும், நடந்து போகிறவனுக்கு என்ன விட்டு வைக்க வேண்டும் என்று நாலு வரி எழுத மட்டும் மாட்டோம் என்கிறோமே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு வாசலை மட்டும் சொல்கிறேன். புதுக் கட்டடம், தரைத்தளத்தை ரோட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஏறுவதற்குக் கருப்பு கிரானைட் படி, பக்கத்தில் எவர்சில்வர் கைப்பிடியோடு சாய்தளம். சக்கர நாற்காலி ஏற வேண்டும் என்பதற்காகத்தான் சாய்தளம், நல்ல விஷயம். ஆனால் அந்தச் சாய்தளம் கட்டடத்தின் மனைக்குள் முடியவில்லை. சாக்கடை மூடியைத் தாண்டி, நடைபாதையை முழுசாக விழுங்கி, தார் விளிம்பில் வந்து இறங்குகிறது. அன்றைக்கு ஒரு அம்மா தன் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். கணவர் கையில் ஊசி ஏற்றின பிளாஸ்டர் இன்னும் ஒட்டியிருந்தது, மடியில் பெரிய எக்ஸ்ரே உறை. சாய்தளத்தின் பக்கச் சுவர் வழியை மறிக்க, அந்த அம்மா நாற்காலியைத் திருப்பி ரோட்டில் இறக்கினார். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நோயாளிக்காகக் கட்டின சாய்தளம் நோயாளியை ரோட்டில் தள்ளுகிறது. இதைப் பார்த்துவிட்டு எப்படி வாயை மூடிக்கொண்டு போவது?

அடுத்த கட்டடத்தில் பைக் ஏற்ற ஒரு சரிவு. அதற்கடுத்ததில் நடைபாதை மேலேயே ஜெனரேட்டர். அதற்கும் அடுத்ததில் ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாக, சரியாக நம் முகத்துக்கு நேராக. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், உள்ளே இருக்கிறவர் குளிர வேண்டும் என்பதற்காக நடந்து போகிறவர் முகத்தில் அனலை ஊதுகிறார்கள். அதற்கும் விதியில்லை. பழைய வீடுகளின் மரத்தூண், ஓட்டுச் சாய்ப்பு, திண்ணை எல்லாவற்றையும் ஏசிபி என்கிற அலுமினிய ஷீட் போட்டு மூடி அதன்மேல் மாடி உயரத்துக்கு விளம்பரப் பலகை. எங்கள் பாட்டன் காலத்துக் கடைவீதியில் வெயிலுக்கு ஒதுங்கத் திண்ணையாவது இருந்தது.

கடைக்காரரைக் கேட்டேன். "நான் என்ன சார் பண்றது, ரோடு வருஷா வருஷம் ஏறுது. தரையை ஏத்திக் கட்டலைன்னா நாளைக்கு மழைத் தண்ணி கடைக்குள்ள வரும், அப்ப நீங்க வந்து இறைப்பீங்களா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும், ரோட்டின் உயரம் கூடக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலர் உத்தரவு போட்டார். அப்படியும் மேல் மேலாகத் தார் ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறோம். ரோடு ஏறுகிறது, பயந்துபோய்க் கடை ஏறுகிறது, நடுவில் நடைபாதை காணாமல் போகிறது.

சரி, அலுவலகத்தில் கேட்போம் என்று போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. "பிளான் அப்ரூவல்ல அதெல்லாம் வராது சார், மனைக்குள்ள கட்டடத்தைச் சுத்தி செட்பேக் இடைவெளி விட்டிருக்காங்களா, அதைத்தான் பார்ப்போம்" என்றார்கள். இன்னொரு அலுவலகத்துக்குப் போனால், "ரோடு எங்க கன்ட்ரோல்ல இல்ல." ஒருவர் பொறுப்பு மனை எல்லையில் முடிகிறது, இன்னொருவர் பொறுப்பு தார் விளிம்பில் ஆரம்பிக்கிறது. நாம் நடக்க வேண்டிய நாலடி இடம் இரண்டுக்கும் நடுவில் கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை எடுத்துப் பாருங்கள். அடுக்குமாடி உயரம் போகாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ இரண்டு (மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம்), ரோட்டின் அகலத்துக்கு ஏற்ப முன் இடைவெளி, உயரத்துக்கு ஏற்பப் பக்க இடைவெளி, இத்தனை பரப்புக்கு இத்தனை கார், மழைநீர் சேகரிப்பு. எல்லாம் தேவையானவைதான். ஆனால் அத்தனையும் பெரும்பாலும் ஒரு மனையின் வேலிக்குள் போடும் கணக்கு. பத்து மனை சேர்ந்தால் ஒரு தெரு வருமே, அந்தத் தெரு எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கு எங்கே? கார் நிறுத்த என்று காட்டின தரைத்தளம், நிறைவுச் சான்று கைக்கு வந்த கொஞ்ச நாளில் மருந்துக் கடையாகவும் டிராவல்ஸ் ஆபீசாகவும் மாறுகிறது, கார்கள் அத்தனையும் தெருவுக்கு வருகின்றன. தெரு யாருடையதும் இல்லை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

சட்டத்தில் இடமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று இருக்கிறது. முழுமைத் திட்டத்தில் என்னென்ன சேர்க்கலாம் என்று பட்டியல் போடும்போது, கட்டடங்களின் முகப்பையும் தோற்றத்தையும் கட்டுப்படுத்துவதையும் அந்தச் சட்டமே சேர்த்திருக்கிறது. அதிகாரம் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கையில் இருக்கிறது. வரைபடத்தில் நிறம் தீட்ட மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம்.

விதி போட்டால் வேலூரில் நடக்காது என்பார்கள். கோட்டைக்கு நடக்கிறதே! கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அதற்கப்பால் இன்னும் இருநூறு மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அந்த வட்டத்துக்குள் வீடு வைத்திருப்பவர்கள் ஒழுகும் கூரையைச் சரிசெய்யக்கூட அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது, அவர்கள் புலம்பல் எனக்குப் புரிகிறது. ஏனென்றால் அந்தச் சட்டம் கட்டாதே என்று சொல்கிற அளவுக்கு, கட்டினால் இப்படிக் கட்டு என்று சொல்வதில்லை. அந்த எல்லையைத் தாண்டி ஒரு அடி வைத்தால் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுப்பலாம். ஒரு பக்கம் மூச்சுவிட முடியாத இறுக்கம், மறுபக்கம் கேள்வியே இல்லாத அவிழ்ப்பு. நடுவில் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்த நடுவழி வேறு ஊர்களில் இருக்கிறது. அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தின் மண்டல வரைபடத்தில் சில பகுதிகளின் குறியீட்டோடு டிசைனைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்தைச் சேர்த்திருப்பார்கள். அந்த எழுத்து இருந்தால், அங்கே என்ன தொழில் நடக்கலாம் என்பதோடு கட்டடத்தின் வடிவமும் பரிசீலனைக்கு வரும். தெருவைப் பார்த்து மொட்டைச் சுவராக நிற்கக் கூடாது, தரைத்தளத்தில் ஜன்னலும் வாசலும் நடப்பவர்களைப் பார்த்து இருக்க வேண்டும் என்றெல்லாம் வரும். நகர மையத்தோடு நிற்காமல் வளர்ந்துவரும் மற்ற மையங்களிலும் அந்த எழுத்து இருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு, சண்டிகர் இருக்கிறதே. அங்கே 17-ஆம் செக்டரில் கடைகளின் முகப்பு ஒரே சட்டகத்தில் வர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கட்டுப்பாடு போட்டார்கள். கடைகளுக்கு முன்னால் தொடர்ச்சியாகத் தாழ்வாரம். வெயிலோ மழையோ, அதன் அடியிலேயே நடக்கலாம். கடை யாருடையதாக இருந்தாலும் சரி, நடக்கிறவனுக்கு நிழல் விட்டுவிடு என்றார்கள். தமிழ்நாட்டிலேயே வெயிலுக்குப் பேர்போன ஊர் நம்முடையது, அந்தத் தாழ்வாரம் நமக்கு வேண்டாமா? ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்வார்கள், இப்போது அந்த வரிசையில் நிழல் இல்லாத தெருவையும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோட்டை எதிரிலிருந்து லாங் பஜார், மண்டித் தெரு, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, ஆற்காடு சாலை, அந்தப் பக்கம் ஆபீசர்ஸ் லைன், இவ்வளவையும் ஒரே வடிவமைப்புப் பகுதியாக அறிவிக்க வேண்டும். வணிகம் எந்தெந்தத் தெருவுக்கு நீள்கிறதோ அந்தந்தத் தெருவுக்கு இந்த விதியும் கூடவே போக வேண்டும். நில உபயோக மாற்றம் கொடுக்கும் காகிதத்திலேயே அது இருக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு வரவே வராது. படியும் சாய்தளமும் மனைக்குள்ளேயே முடிய வேண்டும். ஏசிப் பெட்டி மொட்டைமாடிக்குப் போக வேண்டும், ஜெனரேட்டர் பின்பக்கம் போக வேண்டும். முன் இடைவெளியை நடைபாதையோடு ஒரே மட்டத்தில் சேர்த்து மேலே நிழல் போடுகிறவருக்குக் கட்டும் பரப்பில் கொஞ்சம் சலுகைகூடக் கொடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். நடைபாதைக்கு 1.8 மீட்டராவது தடையில்லாத அகலம் வேண்டும் என்று சாலை அமைப்புத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-லேயே வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. அதில் பாதி கிடைக்கிற இடம் லாங் பஜாரில் எங்கே இருக்கிறது?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "இன்னொரு விதி வந்தா இன்னொரு கை நீளும்." நியாயமான பயம்தான். அதனால்தான் அழகாக இருக்கிறதா என்று நாலு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் கமிட்டி வேண்டவே வேண்டாம் என்கிறேன். தெருவில் நின்று டேப் வைத்து அளந்தால் யாருக்கும் தெரிகிற விதியாக இருக்கட்டும். படி வெளியே நீட்டியிருக்கிறதா இல்லையா, பெட்டி முகத்துக்கு நேராக இருக்கிறதா இல்லையா. பள்ளிக்கூடப் பிள்ளைகூட அளந்துவிடும், அதில் பேரம் பேச அதிக இடம் இருக்காது. பத்தடி அகலக் கடை வைத்துப் பிழைக்கும் அண்ணாச்சிக்கு இதில் செலவு வரக் கூடாது. பழைய சின்னக் கடைகளை விட்டுவிடுங்கள், புதிதாக மாடி எழுப்புகிறவரைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நடைபாதை என்று பேச்செடுத்தாலே பூக்கட்டும் அக்காவையும் இளநீர் வண்டிக்காரரையும் விரட்டுவதுதான் தீர்வு என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கென்று 2014-ல் தனிச் சட்டமே இருக்கிறது, குழு அமைத்து இடம் ஒதுக்கச் சொல்கிறது. பூக்கூடையை நகர்த்தச் சொன்னால் அந்த அக்கா நகர்த்திவிடுவார். கிரானைட் சாய்தளம் நகராது. அதைக் கட்டினவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தைரியம் வருவதில்லை, கூடையைத் தூக்கி லாரியில் போட மட்டும் ஆள் வருகிறது. இந்த அநியாயத்தைப் பார்க்கும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது.

2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் பெயர் வந்தபோது இதெல்லாம் மாறும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். பேவர் பிளாக் வந்தது, விளக்குக் கம்பம் வந்தது, புதுப் பேருந்து நிலையம் வந்தது. கட்டடங்களுக்கான விதி மட்டும் வரவில்லை. அதனால் போட்ட பேவர் பிளாக்கை ஒவ்வொரு வாசலும் தன் வசதிக்கு உடைத்துக்கொண்டது. தெருவுக்குச் செலவழித்துவிட்டுத் தெருவைக் காக்கும் விதியை எழுதாமல் விட்டால் செலவழித்த பணம் அந்தச் சாய்தளங்களுக்கு அடியில்தான் கிடக்கும்.

முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது ஆட்சேபணையும் யோசனையும் எழுத்தில் கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. தரகர்கள் சொல்வது உண்மையானால் அந்த நாள் தூரத்தில் இல்லை. கொசப்பேட்டை, சாயிநாதபுரம், வேலப்பாடி ஆட்கள் இதைப் படித்தால் உங்கள் தெருவின் வாசல்களை இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள், படி எத்தனை அடி வெளியே வந்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்து தெருப் பெயரோடு எழுதி வையுங்கள், வரைவு வந்த பிறகு தேடினால் நேரம் இருக்காது. நான் கொடுக்கப்போகும் மனுவில் இரண்டே விஷயம்தான். எங்கள் தெருவை வணிகப் பகுதி ஆக்குவதாக இருந்தால் படி, சாய்தளம், ஏசி, நிழல், வண்டி நிறுத்தம் எல்லாவற்றுக்கும் விதியை அதே ஆணையில் எழுதுங்கள். எழுத முடியாதென்றால் எங்கள் தெருவைக் குடியிருப்பாகவே விட்டுவிடுங்கள்.