வெர்மாண்டில் சாலையிடம் கேட்காத கேள்வியைப் பேருந்திடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூர்களில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் நடக்கும். பல ஊர்களில் வாக்குச்சீட்டு முறை வந்துவிட்டாலும், இன்னும் பல ஊர்களில் மக்கள் பள்ளிக்கூட அரங்கிலோ ஊர்ப் பொதுமண்டபத்திலோ கூடி, தங்கள் ஊரின் வரவுசெலவைத் தாங்களே விவாதித்து, குரல் கொடுத்தோ கை தூக்கியோ நிறைவேற்றுகிறார்கள். பள்ளிச் செலவைத் தனியே வைத்துவிட்டுப் பார்த்தால், ஊர்ச் செலவில் பெரும்பங்கு சாலைக்குத்தான் போகும். சரளை, உப்பு, மணல், டீசல், சாலையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டியின் பழுதுபார்ப்பு, பணியாளர் சம்பளம் எல்லாம் சேர்ந்த அந்தப் பெருந்தொகை, நான் கலந்துகொண்ட கூட்டங்களில், பெரிய எதிர்ப்பு எதுவுமின்றி நிறைவேறியிருக்கிறது. அதே நிகழ்ச்சிநிரலில் சற்றுத் தள்ளி, வட்டாரப் பேருந்து நிறுவனம் ஊரிடம் கேட்கும் ஒரு சிறு உதவித்தொகை வரும். அப்போதுதான் யாராவது எழுந்து, "நம் ஊரிலிருந்து எத்தனை பேர் அதில் போகிறார்கள்?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். சொத்து வரி அவர்களை வாட்டுகிறது. ஆனால் சாலையிடம் நாம் ஒருபோதும் கேட்காத கேள்வி அது என்பதை இந்தப் பதிவில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த மாநிலத்தை அறியாத நண்பர்களுக்காகச் சில விவரங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வெர்மாண்டில் 6,43,077 பேர் வாழ்கிறார்கள். தலைநகரான மான்ட்பீலியரில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர்தான். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களில் அதைவிடச் சிறியது வேறில்லை. மிகப் பெரிய நகரமான பர்லிங்டனில்கூட 45,000 பேர் இல்லை. மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஊரகப் பகுதிகளில் வாழ்கிறார்கள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். பொதுச்சாலைகளில் பாதிக்கு மேற்பட்டவை தார் காணாத சரளைச் சாலைகள்.

அந்தச் சரளைச் சாலைகளைக் காப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை இங்கு ஒரு வசந்தகாலத்தைக் கழித்தவர்கள் அறிவார்கள். குளிர்காலத்தில் மண் அடிக்கணக்கான ஆழத்துக்கு உறைந்துவிடுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் ஏறும்போது மேல்மண் முதலில் இளகும். கீழே இன்னும் உறைந்தே கிடக்கும் மண், உருகிய நீரை இறங்கவிடாது. போக வழியற்ற நீர் மேலேயே தங்கி, சாலை முழுவதையும் குழைத்த களியாக்கிவிடும். சக்கரத்தடங்கள் வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டும் அளவுக்கு ஆழமாகும். ஊர் நிர்வாகம் எடைக்கட்டுப்பாட்டுப் பலகைகளை நட்டு, கனரக லாரிகளைத் தடுக்கும். பள்ளிப் பேருந்து சில சாலைகளுக்குள் நுழையாமல் தார்ச்சாலையோடு நின்றுவிடும். பெற்றோர் பிள்ளைகளை அதுவரை கொண்டுவந்து விடுவார்கள். அந்த வாரங்களில் சாலைப் பணியாளர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி, உறைபனியின் இறுக்கம் மண்ணில் மிச்சமிருக்கும்போதே கல் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. இந்தப் பதிவில் அவர்களுடைய உழைப்புக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மலைச்சரிவில் ஆறு வீடுகள் மட்டுமே உள்ள சாலைக்கும் அதே கிரேடர் போகிறது, அதே பனி அகற்றும் லாரி போகிறது. ஊர் பராமரிக்கக் கடமைப்படாத நான்காம் வகுப்பு என்று ஒதுக்கப்பட்ட சில சாலைகளைத் தவிர, மூன்றாம் வகுப்பு எனப்படும் சாதாரண ஊர்ச்சாலை ஒவ்வொன்றும் எல்லாப் பருவங்களிலும் சாதாரணக் காரில் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. அந்தச் சாலையில் நாளொன்றுக்கு எத்தனை கார் போகிறது, ஒரு காருக்கு எவ்வளவு செலவாகிறது என்று யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது, அந்த ஆறு வீட்டாரும் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்பதே போதுமான காரணம். அந்த ஆறு வீடுகளுள் ஒன்றில் கார் ஓட்ட முடியாத ஒருவர் இருந்தால், நாம் இவ்வளவு செலவழித்துக் காக்கும் சாலை அவரை எங்கே கொண்டுசேர்க்கும்? சட்டத்தின் கண்ணில் கார் இருக்கிறது, கார் இல்லாத மனிதர் இல்லை.

அப்படிப்பட்டவர்கள் இங்கே விதிவிலக்கல்லர். வெர்மாண்ட் நாட்டிலேயே வயது மூத்த மாநிலங்களுள் ஒன்று. ஐந்தில் ஒருவருக்கு 65 வயது கடந்துவிட்டது. எங்கள் சாலையில் தனியாக வாழும் ஒரு மூதாட்டி, கண்பார்வை மங்கியபின் ஓட்டுநர் உரிமத்தைத் தாமாகவே திருப்பிக் கொடுத்தார். சரியான முடிவுதான். ஆனால் அதன்பிறகு மருந்து வாங்குவது, முடி திருத்திக்கொள்வது, தோழியைப் பார்ப்பது என ஒவ்வொன்றுக்கும் அவர் யாரையாவது கேட்க வேண்டியதாயிற்று. மருத்துவரிடம் போக யாரிடமும் கேட்டுவிடுவார்; தோழியைப் பார்க்கக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. வெளியே போவது குறைந்து, நின்றேவிட்டது.

முதியவர்கள் மட்டுமல்லர். குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பு போடுவதால் இங்கே கார்களின் அடிப்பாகம் விரைவில் துருப்பிடித்துவிடும். துரு அளவு மீறினால் வண்டி தகுதி ஆய்வில் தேறாது. பழைய கார் ஒன்றை நம்பி இருபது மைல் தொலைவிலுள்ள வேலைக்குப் போகும் குடும்பத்தில், அந்த ஒரு ஆய்வு தவறினால் வேலையும் ஆட்டம் காண்கிறது. காரைச் சரிசெய்யப் பணம் வேண்டும், பணம் வர வேலைக்குப் போக வேண்டும், போகக் கார் வேண்டும். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக இந்த மாநிலம் அமைத்திருக்கும் சிகிச்சை மையங்கள் பல மாநிலங்களுக்கு முன்மாதிரி எனப் பாராட்டப்படுபவை. ஆயினும் மெத்தடோன் மருந்துக்குத் தொடக்கத்தில் ஏறத்தாழ நாள்தோறும் மையத்துக்கு நேரில் வர வேண்டும். தொலைவிலுள்ள ஊர்க்காரருக்கு அந்தப் பயணமே சிகிச்சையின் பாதி. பால்பண்ணைகளில் உழைக்கும் மெக்சிகோ நாட்டுத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகக் கடைக்குப் போவதற்குக்கூடப் பண்ணை உரிமையாளரையோ வேறொருவரையோ எதிர்பார்த்திருந்தார்கள். அவர்களே திரண்டு போராடியதன் விளைவாக, குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களும் வண்டி ஓட்ட வழிசெய்யும் உரிம அட்டைக்கான சட்டம் 2013-இல் நிறைவேறி, 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நடமாட்டம் என்பது உரிமை என்று அந்தத் தொழிலாளர்களுக்குப் புரிந்திருந்தது.

இந்த இடைவெளியை இன்று பெரும்பாலும் நிரப்புபவர்கள் தன்னார்வ ஓட்டுநர்கள். வட்டாரப் போக்குவரத்து நிறுவனங்கள் மருத்துவச் சந்திப்புகளுக்கும், மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பயனாளிகளின் பயணங்களுக்கும், முதியோரின் பயணங்களுக்கும் இவர்களை அனுப்புகின்றன. பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர், தங்கள் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு, மைல் கணக்கில் செலவுத்தொகை மட்டும் பெற்றுக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவரை டயாலிசிஸ் மையத்தில் விட்டு, காத்திருந்து திரும்பக் கூட்டிவருகிறார்கள். இதைவிட உயர்ந்த அண்டைவீட்டுப் பண்பை நான் கண்டதில்லை. அதே நேரம், ஒரு மாநிலத்தின் மருத்துவப் பயணம் எழுபது வயதுக்காரர்களின் நல்ல மனத்தையும் அவர்களுடைய கண்பார்வையையும் நம்பி நடக்கலாமா என்றும் கேட்கத்தான் வேண்டும். அவர்களுக்கும் வயதாகிறது. இன்று கூட்டிச் செல்பவர் சில ஆண்டுகளில் தம்மைக் கூட்டிச் செல்ல ஒருவரைத் தேடுவார்.

சாலை அறுந்தால் இந்த மாநிலம் என்ன செய்யும் என்பதை உலகமே பார்த்தது. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயலால் பெய்த பெருமழையில் 500 மைலுக்கு மேற்பட்ட மாநில நெடுஞ்சாலைகள் சேதமடைந்தன, பதின்மூன்று ஊர்கள் முற்றிலும் துண்டிக்கப்பட்டன. தேசியக் காவற்படை ஹெலிகாப்டரில் உணவும் நீரும் கொண்டுபோனது. கில்லிங்டன் மலையைக் கடக்கும் சாலை எண் 4 மூன்று வாரங்களுக்குள் திறக்கப்பட்டது. பெத்தலுக்கும் ஸ்டாக்பிரிட்ஜுக்கும் இடையே ஆற்றோடு போன சாலை எண் 107 அந்த டிசம்பர் முடிவதற்குள் மீண்டும் கட்டப்பட்டது. 2023 ஜூலையில் மான்ட்பீலியரின் கடைத்தெரு வெள்ளத்தில் மூழ்கியபோதும், சரியாக ஓராண்டு கழித்து 2024 ஜூலையில் மாநிலத்தில் வெள்ளம் மீண்டும் வந்தபோதும், சாலைகளையும் மதகுகளையும் சீராக்கும் வேலை உடனே தொடங்கியது. பணம் எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது கேள்வியாகத்தான் இருந்தது.

பேருந்து வழித்தடம் அறுந்தால் பணம்தான் முதல் கேள்வி. பர்லிங்டன் வட்டாரத்தில் ஓடும் கிரீன் மவுண்டன் டிரான்சிட் பேருந்துச் சேவை 2020 மார்ச் முதல் கட்டணம் இல்லாமல் ஓடியது. பெருந்தொற்றுக் கால நடுவண் அரசு நிதி தீர்ந்துவந்த நிலையில், 2024 மே மாதம் கட்டணம் திரும்ப வந்தது. அதன்பின் சில சேவைகளும் குறைக்கப்பட்டன. மாநிலத்தின் தென்கிழக்கில், பசுமாட்டுத் தோலின் கறுப்பு வெள்ளைத் திட்டுகளை வரைந்துகொண்டு ஓடும் 'மூவர்' (MOOver) என்ற பெயருள்ள பேருந்துகள் போன்ற ஊரகச் சேவைகள் கட்டணமின்றி இயங்கிவந்திருக்கின்றன. கேட்பாரற்ற மலையூர்களுக்கு அவை செய்யும் தொண்டு பெரிது. ரயிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1953-க்குப் பிறகு முதன்முறையாக 2022 ஜூலையில் பர்லிங்டனுக்கு நியூயார்க் ரயில் வந்தது எனக்கும் பெருமகிழ்ச்சியே. ஆனால் நாளுக்கொரு முறை நியூயார்க் போகும் ரயிலால் பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போக முடியாது.

"காலியாக ஓடும் பெரிய பேருந்தால் யாருக்கு லாபம்?" என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. எல்லா மலைச்சாலையிலும் மணிக்கொரு பேருந்து விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மான்ட்பீலியரில் 2021 முதல், தொலைபேசியிலோ செயலியிலோ கேட்டால் வந்து ஏற்றிக்கொள்ளும் சிறு வண்டிச் சேவை இருக்கிறது. சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு அந்த வழியே பொருந்தும். அங்கும் தடையாக நிற்பது ஆள் பற்றாக்குறை. கனரக வண்டி உரிமம் உள்ள ஒருவரைப் பேருந்து நிறுவனமும், பள்ளிக்கூடமும், பனி அகற்றும் சாலைத்துறையும், பால் லாரிக்காரரும் ஒரே நேரத்தில் தேடுகிறார்கள். ஆண்டுதோறும் தொங்கலில் நிற்கும் நிதியை நம்பி நல்ல ஓட்டுநர் யாரும் பேருந்து வேலைக்கு வரமாட்டார். ஆகவே சேவையின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதன் நிதி நிலைத்திருக்குமா என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது இரண்டுதான். மாநிலச் சட்டமன்றம் ஊரகப் போக்குவரத்துக்கான பணத்தைச் சாலைப் பராமரிப்புக்குக் கொடுப்பதுபோல், அடுத்த ஆண்டு வருமா வராதா என்ற ஐயமின்றிப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்ய வேண்டும். ஊரகப் பேருந்துகளுக்கு நடுவண் அரசு தரும் நிதியைப் பெற உள்ளூர்ப் பங்கு ஒன்றும் தேவை. ஊர்க்கூட்டத்தில் நாம் முணுமுணுத்துக்கொண்டே தரும் அந்தச் சிறு தொகை அந்தப் பங்கைச் சேர்க்க உதவுகிறது. அதை வெட்டினால் மிச்சப்படுவதைவிட இழப்பது அதிகம். இது சட்டமன்றத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாவது கோரிக்கை இந்த மாநிலத்தில் வாழும் நம்மைப் போன்றவர்களிடம். குடியுரிமை பெற்று இங்கே வாக்களிக்கும் தமிழ் நண்பர்கள் பலர் நவம்பர் தேர்தலில் காட்டும் அக்கறையை மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் காட்டுவதில்லை. ஊரின் ஆண்டறிக்கை கூட்டத்துக்கு முன்பே வெளியாகிவிடும். அதில் போக்குவரத்து நிறுவனம் கேட்டிருக்கும் தொகையையும், கடந்த ஆண்டில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது அளித்த பயணங்களையும் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். கூட்டத்தில் அந்தத் தொகை விவாதத்துக்கு வரும்போது எழுந்து பேசுங்கள். வாக்குரிமை இன்னும் இல்லாதவர்கள், வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்க முடிந்தால், வட்டாரப் போக்குவரத்து நிறுவனத்தை அழைத்துத் தன்னார்வ ஓட்டுநராகப் பெயர் கொடுக்கலாம். உரிமம், காப்பீடு, நல்ல நிலையிலுள்ள கார் ஆகியவற்றோடு பின்னணிச் சரிபார்ப்பும் கேட்பார்கள்.