கர்ப்பப்பையை எடுப்பதுதான் ஒரே வழியா?

"குழந்தை பெத்தாச்சு, நாற்பதும் தாண்டியாச்சு, பீரியட்ஸ் அதிகமா போனா கர்ப்பப்பையை எடுத்துடறதுதான் ஒரே வழி" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் தகவல் சரியில்லை.

புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை என்று தெரிந்தால், பொதுவாக மருந்தில்தான் தொடங்குவார்கள். ரத்தப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை ஒன்று. கர்ப்பப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் கசியும் சிறு சாதனம் இன்னொன்று. மிரெனா என்ற பிராண்டு பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியும். (கருத்தடைக்கு வைக்கும், ஹார்மோன் இல்லாத காப்பர்-டி வேறு. அது போக்கைக் கூட்டவே செய்யலாம். கடையில் பெயரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) அமைப்பு, அதிக மாதவிடாய்ப் போக்கு பற்றி 2018இல் வெளியிட்ட என்ஜி88 (NG88) வழிகாட்டி இணையத்தில் இலவசம். அதிகப் போக்குக்குக் காரணம் எதுவும் தெரியாதபோதும், கர்ப்பப்பையின் உட்பகுதியை உருமாற்றாத 3 செ.மீ.க்குக் குறைவான ஃபைப்ராய்டு கட்டி (புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி) இருந்தாலும், முதலில் பரிசீலிக்கச் சொல்வது அந்த ஹார்மோன் சாதனத்தைத்தான். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க நம் மத்திய சுகாதார அமைச்சகமும் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு எந்த வரியில் இருக்கிறது, பயாப்ஸி (சிறிது திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) தேவையா, மருந்து ஏன் எனக்குச் சரிவராது என்று டாக்டரிடமே கேளுங்கள். சிலருக்கு அறுவை சிகிச்சைதான் சரியான பதிலாக இருக்கும், அதையும் அவரே விளக்குவார்.