கலிஃபோர்னியா மாணவர்கள் கேட்டது நியாயம்தான்

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பக் காத்திருக்கும் நம் தமிழ்ப் பெற்றோர் கூடும் இடங்களில் கட்டண உயர்வு பற்றிய பேச்சு அடிக்கடி வருகிறது. "அரசாங்கத்திடம் பணமில்லை, அவர்கள்தான் என்ன செய்வார்கள்? படிக்கப் போன பிள்ளைகள் போராட்டம் என்று இறங்குவது சரியா?" என்ற கேள்வியோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 2009 முதல் 2012 வரை இந்த மாநிலத்தில் நடந்ததை அறிந்தவர்கள் இவ்வளவு எளிதாகப் பேச்சை முடித்துவிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

2009 நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கூடிய கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு, இளநிலை மாணவர்களின் கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்த முடிவெடுத்தது. ஆண்டுக் கட்டணம் முதன்முறையாக 10,000 டாலரைத் தாண்டியது. பொருளாதார நெருக்கடியில் மாநில வருவாய் சரிந்ததைக் காரணம் காட்டி, பல்கலைக்கழகத்துக்குத் தர வேண்டிய நிதியில் 800 மில்லியன் டாலருக்கும் மேல் தலைநகர் சாக்ரமென்டோவில் உள்ள மாநில அரசு வெட்டியிருந்தது. ஆசிரியர்களும் அலுவலர்களும் சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். ஆட்சிக்குழு முடிவெடுத்த மறுநாள், அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வீலர் ஹால் என்ற கட்டடத்துக்குள் சுமார் 40 பேர் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளிருப்புப் போராட்டம் நடத்த, வெளியே பெருங்கூட்டம் மாலை வரை கட்டடத்தைச் சூழ்ந்து நின்றது. அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த வளாகம் என்பதால் பெர்க்லி நமக்கு அந்நியமான இடம் அன்று. உள்ளே இருந்தவர்கள் தங்கள் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. வேலைநீக்கம் செய்யப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளில் ஒன்று. அவர்களைச் சுயநலவாதிகள் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணமில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். மாநிலத்தில் வசிப்போருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்பது கலிஃபோர்னியாவின் பழைய கொள்கை. 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டமும் அதை உறுதிப்படுத்தியது. ரொனால்ட் ரீகன் ஆளுநராக இருந்த காலத்தில், 1970-இல், அந்தக் கொள்கையில் முதல் பெரிய விரிசல் விழுந்தது. 1978-இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்ததோடு, மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றும் கட்டிப்போட்டது. அதன்பின் ஒவ்வொரு பொருளாதாரச் சரிவிலும் வெட்டுவதற்குக் கைக்கு எளிதாகக் கிடைத்தது உயர்கல்விதான். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மற்றச் செலவுகளைத் தொட முடியாதபோது, கட்டணம் என்ற மாற்று வருவாய் உள்ள துறையைத் தொடுவதில் எந்த அரசுக்கும் தயக்கம் இருக்கவில்லை.

இந்தக் காலத்தில் பணம் எங்கே போனது என்பதை ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரே 2010 ஜனவரியில் சட்டமன்றத்தில் எடுத்துச் சொன்னார். 30 ஆண்டுகளுக்கு முன் மாநிலப் பொது நிதியில் உயர்கல்விக்கு 10 விழுக்காடும் சிறைகளுக்கு 3 விழுக்காடும் சென்றன. அவர் பேசியபோது சிறைகளுக்குப் போனது 11 விழுக்காடு, உயர்கல்விக்கு 7.5 விழுக்காடு. சிறைக்கு உயர்கல்வியைவிட அதிகம் செலவிடக் கூடாது என்று அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றையும் அவர் முன்மொழிந்தார். அந்தத் திருத்தம் நிறைவேறவில்லை. ஆனால் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியவை வளாகப் போராட்டங்களே என்று அவருடைய தலைமை அலுவலரே ஒப்புக்கொண்டார். கட்டணம் இல்லாமல் படித்து முன்னேறிய ஒரு தலைமுறை, அடுத்த தலைமுறையிடம் "எல்லாம் இலவசமாக வேண்டுமா?" என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உயர்த்திய கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்கே போகிறது என்று பல்கலைக்கழகம் சொன்னது. அது உண்மை, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உதவித்தொகைக்கான வருமான வரம்புக்குச் சற்று மேலே சம்பாதிக்கும் குடும்பங்கள் உதவியும் கிடைக்காமல் கட்டணமும் கட்ட முடியாமல் கடனுக்குள் போயின. உதவி பெற்றவர்களுக்கும் பெர்க்லி போன்ற ஊரில் வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனிச்சுமைதான். 2011-இல் மாணவர்கள் கட்டும் மொத்தக் கட்டணம் மாநிலம் தரும் நிதியை முதன்முறையாக விஞ்சியது. இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தைப் பொதுப் பல்கலைக்கழகம் என்று எத்தனை காலம் சொல்லிக்கொள்ள முடியும்?

2010 மார்ச் 4 அன்று ஓக்லண்டில் போராட்டக்காரர்கள் சிலர் 880 நெடுஞ்சாலையில் ஏறி மறித்தார்கள். உயிருக்கே ஆபத்தான அந்தச் செயலை நான் ஆதரிக்கவில்லை. 2011 நவம்பர் 18 அன்று அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்தது முற்றிலும் வேறு. கைகளைக் கோத்துக்கொண்டு நடைபாதையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில், வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தபடியே, வளாகக் காவலர் ஒருவர் பெப்பர் ஸ்பிரே அடித்தார். மறுநாள் இரவு அந்த வளாகத்தின் தலைவரான வேந்தர் லிண்டா கடேஹி தன் கார் வரை நடந்து சென்றபோது, இருபுறமும் அமர்ந்திருந்த மாணவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் அவரைப் பார்த்தபடி இருந்தார்கள். இந்த இரண்டு நிகழ்வுகளின் காணொளிகளையும் நம் பெற்றோர் ஒருமுறை பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட மாணவர்களோடு பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பின்னர், இணையத்தில் அந்தச் சம்பவம் எளிதில் கண்ணில் படாமல் செய்வதற்காக ஆலோசனை நிறுவனங்களுக்கு ஒரு லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குக் குறையாமல் செலவிட்டது 2016-இல் வெளியே வந்தது. பற்றாக்குறை என்று மாணவர்களிடம் கை நீட்டிய நிர்வாகம் இப்படிச் செலவு செய்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இத்தனைக்கும் பலன் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு 2012 நவம்பர்தான் பதில். உயர் வருமானத்தின் மீதான வரியையும் விற்பனை வரியையும் கூட்டும் ப்ரொபசிஷன் 30 என்ற முன்மொழிவு வாக்கெடுப்பில் ஏறத்தாழ 55 விழுக்காடு வாக்குகளோடு வென்றது. அது தோற்றிருந்தால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும், தனி அமைப்பான கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் ஆளுக்கு 250 மில்லியன் டாலர் இழந்திருக்கும். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் அந்தக் கல்வியாண்டில் உயர்த்தியிருந்த 498 டாலரை ரத்து செய்து, கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. பெர்க்லி, டேவிஸ் வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் அடிப்படைக் கட்டணம் 2017 வரை உயரவில்லை. மாணவர்கள் மூன்று ஆண்டுகள் தெருவில் நின்று இதைப் பேசுபொருளாக வைத்திருக்காவிட்டால், வரியைக் கூட்டச் சொல்லி வாக்காளர்களிடம் போகும் துணிவு எந்த அரசியல்வாதிக்கும் வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

உயர் வருமானத்தின் மீதான அந்த வரி 2016 வாக்கெடுப்பில் நீட்டிக்கப்பட்டு, 2030 இறுதிவரை நடப்பில் இருக்கும். அதற்குப் பின் என்ன என்ற கேள்வி வாக்குச்சீட்டுக்கு வரும்போது, குடியுரிமை பெற்ற நம்மில் பலர் அந்த வரியைக் கட்டுபவர்களாகவும் அதே வளாகங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புபவர்களாகவும் இருப்போம். நான் ஆதரித்தே வாக்களிப்பேன்; நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.