அலுமாரிக்குள் கிடக்கும் ஆய்வேடுகள்

மாரி தொடங்குவதற்கு முன் பல்கலைக்கழகத்தில் எங்கள் வரலாற்றுத் துறையின் பின்னறையை ஒதுக்கிவிட வேண்டும் என்று எண்ணிச் சென்ற வாரம் கதவைத் திறந்தபோது, சுவரோரமாகக் கறையான் ஏறிய மண்கோடு ஒன்று அலுமாரியின் கீழ்த்தட்டு வரை வந்திருந்ததைக் கண்டேன். உள்ளே இருந்தவை, சிறப்புக்கலை இறுதி வருட மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சமர்ப்பித்த ஆய்வேடுகள். எல்லாவற்றையும் இறக்கித் தூசி தட்டி, விரிவுரை மண்டபத்து மேசைகளில் பரப்பி வைத்தோம். கீழ்த்தட்டில் இருந்த இரண்டின் முதுகை மட்டும் கறையான் தின்றிருந்தது, எழுத்து தப்பிவிட்டது. ஒன்று கரையோர ஊர் ஒன்றின் பழைய இறங்குதுறையைப் பற்றியது. மற்றையது, சுருட்டுக் கொட்டில்களில் வேலை செய்த முதியவர்களிடம் கேட்டு எழுதியது. அந்த முதியவர்களில் எவரும் இன்று உயிருடன் இல்லை.

அந்த இரண்டாவது ஆய்வேட்டை அங்கேயே இருந்து முழுவதும் வாசித்தேன். கொட்டிலில் மற்றவர்கள் சுருட்டுச் சுற்ற, ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையை உரத்து வாசிப்பதும், முதலில் வீரகேசரியும் பின்னாளில் ஈழநாடும் அப்படி வாசிக்கப்பட்டதும், வாசிப்பவரின் பங்குச் சுருட்டை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுத்ததும் அந்த முதியவர்களின் வாய்மொழியாகவே அதில் பதிவாகியிருக்கின்றன. எழுத்தறியாத ஒரு தொழிலாளி உலகச் செய்தியை எப்படி அறிந்தான், இடதுசாரிக் கருத்துகள் இந்த மண்ணில் எந்த வழியால் இறங்கின என்று கேட்பவருக்கு அந்தப் பத்துப் பக்கங்கள் போதும். அதன் மேற்பார்வையாளர் நான்தான். அதே ஆண்டில், ஒல்லாந்தர் காலக் காணித் தோம்புகள் (காணிப் பதிவேடுகள்) பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை ஒன்று வெளியாகி, என் பதவியுயர்வு விண்ணப்பத்தில் புள்ளிகளைப் பெற்றது. மாணவிக்கு ஒரு பி சித்தி கிடைத்தது. இரண்டில் எது யாழ்ப்பாண வரலாற்றுக்கு அதிகம் சேர்த்தது என்று இன்று என்னைக் கேட்டால், அந்தப் பிள்ளையின் ஆய்வேட்டையே காட்டுவேன். மாணவரின் நல்ல ஆய்வேடுகளைத் திருத்திப் பதிப்பிப்பதை வரலாற்று ஆசிரியரின் கடமைப் பணிகளில் ஒன்றாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

வரலாற்றுப் பேராசிரியர் என்ன வேலை செய்கிறார் என்பது பற்றி ஊரில் ஓர் எண்ணம் உண்டு. கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர், “சேர், சங்கிலியன் நல்லவனோ கெட்டவனோ, ஒரு முடிவைச் சொல்லுங்கோ” என்பார். 1544 இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களைக் கொல்வித்த சங்கிலியும், 1619 இல் போர்த்துக்கேயரிடம் இராச்சியத்தை இழந்த சங்கிலி குமாரனும் வேறு வேறு ஆட்கள் என்று விளங்கப்படுத்தத் தொடங்கும்போதே பாயாசம் வந்துவிடும். நடைமுறையில் எங்கள் நாள்கள் விடைத்தாள், இரண்டாம் மதிப்பீடு, பீடச்சபை, பாடத்திட்ட மீளாய்வு, தர உறுதிப்படுத்தல் படிவங்கள் என்று கழிகின்றன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எந்தத் துறை ஆசிரியரும் இதையே சொல்வார்.

வகுப்பறையைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. உயர்தரத்தில் வரலாற்றுக்கு ஏ எடுத்து வரும் பிள்ளைக்கு ஆண்டுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தச் செய்தி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று கேட்டால், “புத்தகத்தில் இருக்கு, சேர்” என்பதே பதில். ஆகவே முதலாம் வருடத்தில் யாழ்ப்பாண வைபவமாலையின் தொடக்கத்தை வாசிக்க வைக்கிறேன். மயில்வாகனப் புலவர் அதை 1736 அளவில் மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க எழுதினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டதாகச் சொல்கிறார். இவற்றுள் முதல் இரண்டும் நம்மிடம் உள்ளன. மற்றை இரண்டும் கிடைக்கவில்லை. அப்படியானால் நூலின் எந்தப் பகுதியை நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம், எந்தப் பகுதியில் புலவரின் சொல்லை மட்டுமே நம்பி நிற்கிறோம் என்று பிரித்துக் காட்டச் சொல்வேன். ஒரு தவணை முழுவதும் இதற்கே போய்விடும். பாடத்திட்டம் முடியவில்லை என்று முறைப்பாடும் வரும்.

அண்மைக்காலமாக ஒப்படைகள் எல்லாம் ஒரே நடையில், ஒரே மாதிரியான முன்னுரையோடு வரத் தொடங்கின. எழுதுவது பிள்ளைகள் அல்ல, கைப்பேசி என்பது விளங்கிற்று. கண்டிப்பதில் பயனில்லை என்று கண்டு ஒப்படையை மாற்றினேன்: அவரவர் வீட்டிலுள்ள மிகப் பழைய காணி உறுதி (காணிப் பத்திரம்) ஒன்றின் பிரதியைக் கொண்டுவந்து அதைப் பற்றி எழுத வேண்டும். அம்மம்மாவின் றங்குப் பெட்டியிலிருந்து ஒரு மாணவன் கொண்டுவந்த சீதன உறுதியை மறக்க முடியாது. காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாலு எல்லை, எல்லைக்காரரின் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியில் அயற்காணிக் கிணற்றில் இருபத்துநான்கில் ஒரு பங்கும் வழிவாய்க்காலும் என்றிருந்தது. “சேர், இது பிழையாய் எழுதிக் கிடக்கு போல. ஒரு கிணத்தை இருபத்துநாலாய் எப்பிடிப் பிரிக்கிறது?” என்றான். வகுப்பே சிரித்தது. பிரிக்கப்படுவது கிணறல்ல, தண்ணீர் இறைக்கும் முறை, அதாவது யாருக்கு எப்போது என்ற தவணை என்பதை மெல்ல மெல்ல அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒருவர் கரும்பலகையில் தலைமுறைகளைக் கீறினார்: நாலு பிள்ளைகள், பிறகு மூன்று, பிறகு இரண்டு. ஒரே கிணறு மூன்று தலைமுறையில் இருபத்துநாலாகிவிட்டது. சீதனத்தையும் முதுசத்தையும் (பரம்பரைச் சொத்து) தேடிய தேட்டத்தையும் (மண வாழ்வில் சம்பாதித்தது) வேறு வேறாகப் பார்க்கும், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தர் ஏன் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதை அன்று நான் விளக்கத் தேவைப்படவில்லை; அவர்களே கேட்டார்கள்.

அந்த வகுப்பிலிருந்து பிறந்ததுதான் என் அடுத்த ஆங்கிலக் கட்டுரை. அது வெளிவர ஒன்றரை ஆண்டு சென்றது. மதிப்பீட்டாளர் ஒருவர் பரப்பு என்றால் என்ன என்று கேட்டார். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று விளக்கம் எழுதினேன். துலாவை விளக்கினேன், ஒழுங்கையை விளக்கினேன், கலட்டிக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். அந்தக் கேள்விகளில் தவறில்லை. வெளியிலிருந்து வாசிப்பவருக்கு அது வேண்டும், என் சிந்தனையும் அதனால் தெளிந்தது. ஆனால் விளக்கங்களுக்கு இடம் விட்டதில், இந்த மண்ணில் வாழ்பவர் கேட்கக்கூடிய அடுத்த கேள்விக்கு இடம் இல்லாமற் போயிற்று. உறுதியைக் கொண்டுவந்த மாணவனுக்குக் கட்டுரையின் பிரதியைக் கொடுத்தேன். நன்றியுரையில் தன் அம்மம்மா குறிப்பிடப்பட்டிருந்த வரியை மட்டும் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதாகச் சொன்னான். பின்னர் அதே கட்டுரையை விரித்துத் தமிழில் எழுதினேன். பதவியுயர்வுப் புள்ளித் திட்டத்தின் கண்ணில் அது ஏற்கெனவே வெளியான ஒன்றின் மறுபிரசுரம்.

தமிழில் அச்சிடுவது வேறொரு அனுபவம். நாங்கள் யூனிகோட்டில் எழுதிக் கொடுப்போம். அச்சகத்தில் அதைப் பழைய எழுத்துருவான பாமினிக்கு மாற்றுவார்கள். மாறும்போது அடிக்குறிப்புகள் இடம்பெயர்ந்துவிடும். ஐந்து என்பது ஜந்து ஆகிவிடும். முந்நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் வழங்கி, வந்தவர்கள் தரும் கடித உறைகளில் அச்சுச் செலவின் ஒரு பகுதியை மீட்டு, மிகுதியை வீட்டுக் கட்டிலுக்குக் கீழே அடுக்குவதுதான் நம்மவரின் பதிப்பு முறை. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தைப் பற்றித் தமிழில் இன்று நம் கையில் இருப்பதில் பெரும்பங்கு அப்படித்தான் வந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அவற்றில் பலவற்றை எவரும் வாசிக்கக்கூடியதாக்கியிருக்கிறது.

இனி, ஆய்வேடுகள் ஏன் அலுமாரியிலேயே கிடக்கின்றன என்ற கேள்வி. ஆசிரியர்களின் அசட்டை மட்டும் காரணமல்ல. பாதிக்கு மேற்பட்டவை அச்சேறும் தரத்தில் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் இரு அத்தியாயங்கள் முன்னையோரின் நூல்களிலிருந்து அப்படியே இறங்கியவையாக இருக்கும். அதற்கு மேல், நல்லவற்றை அச்சிடுவதில்தான் சிக்கல் பெரிது. ஊர் வரலாற்றை எழுதினால் சாதி வரும். காணிப் பெயரிலேயே சாதிப் பெயர் நிற்கும். எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளலாம், எந்த மடத்தில் யார் தங்கலாம் என்பது வரும். 1968 இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடத்திய ஆலயப் பிரவேசப் போராட்டத்தை எல்லோரும் எழுதுகிறோம், அதே காலத்தில் தன் ஊரின் சிறு கோயிலில் நடந்ததை ஒரு மாணவன் எழுதியபோது அந்தக் கோயிலின் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் எனக்கு அழைப்பெடுத்து, “தம்பி, உந்தக் கதையை இப்ப ஏன் கிண்டுறியள்? பிள்ளையளுக்கு வேறை ஒண்டும் படிப்பிக்க இல்லையோ?” என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். மாணவன் அந்த அத்தியாயத்தை நீக்கிவிடுகிறேன் என்றான். நீக்க வேண்டாம், பெயர்களை மாற்றுவோம் என்றேன். ஆய்வேடாக அது நிறைவேறியது. அச்சிடலாமா என்று பிறகு கேட்டபோது, தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறார்கள், கொஞ்சம் பொறுங்கோ, சேர் என்றான். அவனைக் குறைசொல்ல நான் யார்? சொந்த ஊரின் சாதியைப் பற்றி நானே இதுவரை ஒரு கட்டுரை எழுதியதில்லை.

இப்படிப் பொறுத்துப் பொறுத்துத்தான் பலவற்றை இழந்திருக்கிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் பற்றி நாங்கள் ஆண்டுதோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு போரினால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடு வீடாக விடப்பட்டவற்றுக்கு அப்படியொரு தொகை கூட இல்லை. என் தகப்பனார் தம் புத்தகங்களை எல்லாம் விட்டுவிட்டு, உறுதிகளை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து, அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தார். புத்தகங்களை விட்டுவிட்டாரே என்று அன்று எனக்குக் கோபம். ஆவணம் ஒன்றை எப்படித் தெரிவு செய்வது என்று பின்னாளில் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்த ரின்தான் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய உறுதிகளை இப்போது சனம் லமினேற் செய்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டும் பிளாஸ்ரிக்கைப் பழைய தாளிலிருந்து பிறகு பிரிக்கவே முடியாது. கைப்பேசியால் தெளிவாக ஒரு படம் எடுத்துவிட்டு, மூலத்தை மடிக்காமல், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

மேசையில் பரப்பிய ஆய்வேடுகளுள் ஆறு எடுத்து வைத்திருக்கிறேன். எழுதியவர்களை ஒவ்வொருவராகத் தேடுகிறேன். ஒருவர் வன்னியில் ஆசிரியர், ஒருவர் வங்கியில், ஒருவர் நாட்டிலேயே இல்லை. திருத்தும் வேலைக்கு வார இறுதிகள் போகும். பதவியுயர்வு விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு நிரலும் இல்லை. சுருட்டுக் கொட்டிலைப் பற்றி எழுதிய பிள்ளை இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அழைத்தபோது, “சேர், அது இன்னும் கிடக்கோ?” என்று கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் அவரே திரும்ப அழைத்தார்: அந்த முதியவர்களில் ஒருவரின் மகனோடு கதைத்தாராம், கொட்டில் இருந்த காணியின் உறுதி தன்னிடம் இருப்பதாகவும், அடுத்த கிழமை கொண்டுவந்து காட்டுவதாகவும் அந்த மகன் சொன்னாராம். லமினேற் செய்யவில்லையே என்று மட்டும் உடனே கேட்டுச் சொல்லும்படி கூறியிருக்கிறேன்.