ஆசிய அணி இல்லாத ஹாங்காங் செவன்ஸ்

ஹாங்காங்கில் வேலை பார்த்த ஆண்டுகளில், மார்ச் மாதம் பிறந்தாலே அலுவலகத்தில் ஒரே பேச்சுதான். "செவன்ஸ் டிக்கெட் கிடைச்சுதா?" ரக்பி என்றால் என்னவென்றே தெரியாமல்தான் முதல் தடவை போனேன். அன்று காலை உட்கார்ந்தவன் விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வழக்கமான ரக்பியில் அணிக்கு 15 பேர், 80 நிமிடம். செவன்ஸில் மைதானம் அதே அளவுதான், ஆனால் ஆள் 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். கையில் வாங்கிய டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அவ்வளவு பெரிய இடத்தில் ஏழு பேர் மட்டும் என்பதால் ஒளிய இடம் கிடையாது. ஒருவர் ஒரு நொடி அசந்தால் எதிரணிக்காரர் அந்த இடைவெளியில் புகுந்து கோடு வரை ஓடிவிடுவார். 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சின்ன ஊரில், கிளப்புக்குப் பணம் திரட்ட, நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர் கொடுத்த யோசனை இது. 15 பேரை வைத்து ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடத்த முடியாது, ஆளைக் குறைப்போம் என்றார்.

ஹாங்காங்கிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். இயன் கோவ் என்ற சிகரெட் நிறுவன அதிகாரியும், உள்ளூர் ரக்பி சங்கத் தலைவர் டோக்கி ஸ்மித்தும் பெரிய சர்வதேசப் போட்டி ஒன்றை நடத்த ஆசைப்பட்டார்கள். 15 பேர் அணிகளை வைத்து நடத்துவது நடைமுறைக்குச் சிரமம், சரி, ஏழு பேராக வைப்போம் என்று முடிவானது. 1976 மார்ச் 28 அன்று, ஒரே நாளில், ஹாங்காங் ஃபுட்பால் கிளப் மைதானத்தில் 12 அணிகள் ஆடின. யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். இந்தோனேசியா, தென்கொரியா, ஜப்பான், மலேசியா, இலங்கை, டோங்கா, ஃபிஜி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கிளப் அணிகளை அனுப்பின. நியூசிலாந்தின் கேன்டாப்ரியன்ஸ்தான் முதல் கோப்பையை வாங்கியது. ஆனால் அன்று ஆடிய அணிகளில் பெரும்பாலானவை ஆசியாவையும் பசிபிக் தீவுகளையும் சேர்ந்தவை. என் பேச்சு இதைப் பற்றித்தான்.

அந்தப் போட்டியிலிருந்து எழுந்து வந்ததுதான் ஃபிஜி. மொத்த மக்கள்தொகையே சுமார் 9 லட்சம். 1977இலேயே கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் வைசாலே செரேவி வந்தார். உயரம் குறைவு, பெரிய உடம்பும் இல்லை. எதிரில் வருபவரின் காலைப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கணித்து, மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போவார். 1997இல் செவன்ஸ் உலகக் கோப்பை ஹாங்காங்கில் நடந்தபோது, இறுதியில் தென்னாப்பிரிக்காவை 24-21 என்று வென்றது அவருடைய அணி. 2005இல் அதே ஊரில் மறுபடியும் உலகக் கோப்பை. அப்போது தோற்றது நியூசிலாந்து.

2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் ஃபிஜியைப் புரட்டிப் போட்டது. 44 பேர் இறந்தார்கள், ஊர் ஊராக வீடுகள் போயின. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, ஏப்ரலில் ஹாங்காங் இறுதியில் நியூசிலாந்தை 21-7 என்று வென்றார்கள். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு எதிராக 43-7. அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கமே அந்தத் தங்கம்தான். ஆட்டம் முடிந்ததும் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று தேவாலயப் பாட்டுப் பாடினார்கள். பதக்கம் அணிவிக்க வந்த இளவரசி ஆன் முன்னால் ஒவ்வொருவராக மண்டியிட்டு, உள்ளங்கையைக் குவித்து மெதுவாகத் தட்டினார்கள். அவர்கள் ஊர் மரியாதை அது. அந்த வெற்றிக்காக ஃபிஜியின் ரிசர்வ் வங்கி 7 டாலர் நோட்டே வெளியிட்டது.

செவன்ஸ் ஒலிம்பிக்குக்குள் வந்ததற்கு ஹாங்காங்கில் வருடா வருடம் நிரம்பிய மைதானமும் ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். பின்னாளில் ரக்பியின் பெரிய நட்சத்திரமான நியூசிலாந்தின் ஜோனா லோமுவை, 1994இல் 18 வயதுப் பையனாக, உலகம் கவனித்ததும் அங்கேதான். ஊடகங்களுக்கு மட்டும் தெற்குக் கேலரியின் மாறுவேடங்களும் பீர் கோப்பைகளும்தான் கண்ணில் படுகின்றன. அது எனக்கு வருத்தம்.

இப்போது என்ன நிலைமை? ஒரு காலத்தில் 24 அணிகள் ஆடிய போட்டி இது. காலையில் இலங்கை, சிங்கப்பூர் போன்ற அணிகள் ஆடும் அதே புல்லில்தான் மாலையில் ஃபிஜி ஆடும். பெரிய அணியிடம் 40, 50 புள்ளி வாங்கித் தோற்றாலும் ஒரு டிரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்திப் புள்ளி எடுப்பது) போட்டால் மொத்த மைதானமும் எழுந்து நிற்கும். 2024இல் ஆண்கள் பிரிவில் 12 அணிகள், அதில் ஆசிய அணி ஒன்று கூட இல்லை. போட்டியை நடத்தும் ஹாங்காங்குக்கே இடமில்லை. மெல்ரோஸ் கிளேமோர்ஸ் என்று பக்கத்தில் தனியாக ஒரு சின்னப் போட்டி வைத்து உள்ளூர் அணியை ஆட வைத்தார்கள். 2025இல் பழைய கை டாக் விமான நிலையம் இருந்த இடத்தில் 50,000 பேர் உட்காரும் புது அரங்கம் திறந்தார்கள். அங்கே முதல் செவன்ஸ் தொடங்கிய தேதியும் அதே மார்ச் 28. அர்ஜென்டினா வென்றது, அவர்களுக்கு என் வாழ்த்துகள். ஆண்கள் பட்டியலில் அந்த வருடமும் ஆசியா இல்லை.

பலமான அணிகள் மட்டும் இருந்தால்தான் ஆட்டத்தில் தரம் இருக்கும், தொலைக்காட்சியில் பார்ப்பார்கள் என்கிறார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1976இலேயே அப்படி நினைத்திருந்தால் ஃபிஜி என்ற அணியை யார் பார்த்திருப்பார்கள்? தகுதிச் சுற்றில் வென்று வா என்பது சரிதான். ஆனால் இந்த ஒரு போட்டியிலாவது ஆசியாவுக்கென்று இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், ஓர் ஆட்டத்துக்கு 14 நிமிடம்தான்.

2019இல் நான் கேலரியில் இருந்தேன். அப்போது உலகத் தொடருக்கான (பல நாடுகளில் வரிசையாக நடக்கும் செவன்ஸ் போட்டிகள்) தகுதிப் போட்டியும் அதே மைதானத்தில் நடக்கும். இறுதியில் ஹாங்காங்கும் அயர்லாந்தும். பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர், மடியில் பேத்தி. ஹாங்காங் வீரர் ஒருவர் பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தியதும் பெரியவர் பேத்தியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். 28-7, தோல்வி. அணி மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தபோது கேலரியில் யாரும் உட்காரவில்லை. அந்தச் சிறுமி கடைசி வீரர் உள்ளே போகும் வரை கொடியை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.