செயலி வரட்டும், கவுண்டரை மூடாதீர்கள்

அரசாங்கத்தின் குடும்ப நல உதவிகள் எல்லாம் ஒரே செயலிக்குள் வந்துவிட்டால் மக்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, மறுக்கவில்லை. ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டுக்கு ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். கீழ்வீட்டுப் பாட்டி போனை நீட்டி, "தம்பி, ஏதோ நம்பர் வரும்னு சொல்றாங்க, வரவே இல்லையே" என்பார். ஓடிபி போயிருப்பது மகன் எப்போதோ தூக்கிப்போட்ட பழைய எண்ணுக்கு. விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இவரைப் போன்றவர்களுக்கு நேரில் போய்க் கேட்க ஒரு கவுண்டர் வேண்டும்.

அப்புறம், ஒரே விவரத்தை எத்தனை முறைதான் கொடுப்பது? ஏழைக் குடும்பங்களுக்கு இ-காசே பதிவு இருக்கிறது, ரொக்க உதவிக்கான எஸ்டிஆர் பாரம் தனி, 2024 ஜனவரியில் அரசாங்கத்தின் 'பாடு' தரவுத்தளம் வந்ததும் குடும்பம், வருமானம் என்று மறுபடியும் முதலிலிருந்து. கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் போதாதா, நாம் எதற்கு நடுவில்?

இருப்பதில் எனக்குப் பிடித்தது தாலியான் காசே 15999 என்ற அரசாங்க உதவி எண். 24 மணி நேரமும் கூப்பிடலாம், வாட்ஸ்அப்பிலும் எழுதலாம். அடிக்கிற புருஷன் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது பேச முடியாது, பாத்ரூமிலிருந்து இரண்டு வரி தட்டிவிட முடியும். அந்தப் போனையே அவன் பிடுங்கிப் பார்க்கிற வீடுகளும் உண்டு, செயலி செய்கிறவர்கள் முதலில் அதை யோசிக்க வேண்டும், அழகான ஐகானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செயலியைத் தமிழிலும் போடுங்கள். பாட்டிக்கு மலாய் பேச வரும், படிக்க வராது.