எல்லாத் தடுப்பாட்டக்காரரும் ஷேஃபர் அல்ல

மேத்யூ ஷேஃபர் வந்தாலும் வந்தார், ஹாக்கி ரசிகர்கள் யாரோடும் நிம்மதியாகப் பேச முடியவில்லை. எந்த அணியின் ரசிகரைக் கேட்டாலும் ஒரே நியாயம்தான்: "அந்தப் பையன் 18 வயதில் என்.எச்.எல்-இல் ஆடுகிறானே, எங்கள் பையனை மட்டும் ஏன் ஜூனியருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்?" எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே சண்டை வாரக்கணக்கில் ஓடுகிறது. அனுப்புவதே நல்லது என்று நான் சொன்னதும், "நீ பழைய காலத்து ஆள்" என்று முத்திரை குத்திவிட்டார்கள். அங்கே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இது ஐஸ் ஹாக்கி. அதன் முதல்நிலை லீகான என்.எச்.எல்-இன் அணிகள் ஜூன் மாதம் டிராஃப்ட் நடத்தி, 18 வயதை எட்டும் பையன்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. செப்டம்பரில் பயிற்சி முகாம். அது முடிந்ததும், பெரியவர்களோடு ஆடவிடுவதா, வந்த இடத்துக்கே, பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்களின் ஜூனியர் லீகுக்கே, திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். முன்கள வீரர் என்றால் துணிந்து வைத்துக்கொள்ளலாம். அவர் கோட்டைவிட்டாலும் பின்னால் ஆள் இருக்கிறது. தடுப்பாட்டக்காரர் கோட்டைவிட்டால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

ஷேஃபரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆன்டாரியோ மாகாணத்து ஹாமில்டன் பையன். பிறந்தது 2007 செப்டம்பர் 5; டிராஃப்டுக்கான வரம்பு செப்டம்பர் 15. இரண்டு வாரம் பிந்திப் பிறந்திருந்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருந்திருப்பார். டிராஃப்டுக்கு முந்தைய பருவத்தில் உலக ஜூனியர் போட்டியில் காறை எலும்பு முறிந்ததால் ஈரி ஆட்டர்ஸ் என்ற தன் ஜூனியர் அணிக்கு மொத்தமே 17 ஆட்டங்கள்தான் ஆடினார். அப்படியும் நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரைத்தான் முதலாவதாக எடுத்தது. 2025 அக்டோபர் 9 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் ஆட்டம், அதிலேயே ஒரு கோலுக்கு உதவி. இரண்டாவது ஆட்டத்தில் கோல். நவம்பர் தொடக்கத்தில் ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார்; இதைச் செய்த மிக இளைய தடுப்பாட்டக்காரர் என்ற பெயர் அதுவரை பழைய ஜாம்பவான் பாபி ஓருடையது. பாபி ஓரின் பெயரைக் கனடாவில் யாரும் சும்மா இழுப்பதில்லை.

எல்லாரும் அந்தக் கோல்களைப் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய கால்கள்தான் கண்ணில் பட்டன. அவரும் தவறு செய்கிறார். முன்னேறிப் போய்ப் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) இழக்கிறார், எதிரணி தாண்டி ஓடுகிறது. ஆனால் நாலே எட்டில் திரும்பி வந்து, ஓடுகிறவனுக்கு முன்னால் நிற்கிறார். தன் தவறைத் தானே துரத்திப் பிடிக்கிற வேகம் அது. அந்த வயதில் அது இன்னொருவரிடம் இருக்குமென்று எண்ணி ஓர் அணி திட்டம் போடக் கூடாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். டிராஃப்ட் பானையில் அது செல்லாது, இங்கே ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி நேரத்தில் வேகிறது.

சரி, தயாரா இல்லையா என்பதை எங்கே பார்ப்பது? கோலையும் கோலுக்கான உதவியையும் கூட்டிப் போடும் புள்ளிப் பட்டியலில் கிடையாது.

டொரண்டோவை ஒட்டிய எங்கள் மிசிசாகாவின் ஜூனியர் அணி 2024-இல் பிராம்ப்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது (அந்த வயிற்றெரிச்சல் தனிப் பதிவுக்கு உரியது). ஆனாலும் அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன். கோலுக்குப் பின்னால், மூலையில், கண்ணாடியை ஒட்டிய இருக்கை எனக்குப் பிடிக்கும். ஆட்டம் முழுதாகத் தெரியாது. ஆனால் தடுப்பாட்டக்காரரின் உண்மையான வேலை அந்த மூலையில்தான் நடக்கிறது. எதிரணி பக்கை உள்ளே தள்ளிவிட்டு இரண்டு பேரைத் துரத்த அனுப்புகிறது. இவர் எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் கோலை நோக்கியே ஓடிவர வேண்டும். வரும் வழியில் தோளுக்கு மேலாக ஒரு பார்வை. பக்கை எட்டுவதற்குச் சற்று முன் இன்னொன்று. இந்த இரண்டு பார்வைகளில் துரத்துகிறவன் எந்தப் பக்கம் வருகிறான், தன் கூட்டாளி எங்கே நிற்கிறார், நடுவில் இறங்கிவரும் முன்கள வீரருக்கு வழி இருக்கிறதா என்று மூன்றும் தெரிந்தாக வேண்டும். பிறகு இடப்பக்கம் போவதுபோலத் தோளைச் சாய்த்துவிட்டு, மட்டையின் பின்புறத்தால் பக்கைப் பலகையோரம் வலப்பக்கம் தட்டிவிடுகிறார். அடுத்த நொடி அவர் வந்து மோதிய வேகத்தில் என் முன்னால் கண்ணாடி அதிர்கிறது. அடி விழத்தான் செய்யும். விழுவதற்குள் பக் போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

ஜூனியரில் துரத்துகிறவனுக்கு 16 முதல் 20 வயது. திறமைசாலிப் பையன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய் பக்கை எடுத்துவிட்டு, அப்புறம் யோசித்தும் தப்பித்துவிடலாம். பார்க்கிறவர்கள் அதைத்தான் நிதானம் என்று மெச்சுகிறார்கள். என்.எச்.எல்-இல் துரத்தி வருகிறவருக்கு மனைவி மக்கள் இருக்கிறார்கள், அடுத்த ஒப்பந்தக் கவலை இருக்கிறது, அரை நொடி முன்னதாகவே வந்துவிடுகிறார். அந்த அரை நொடியில் பழைய நிதானம் காணாமல் போகிறது.

இதற்கு வரலாறு நடத்திக் காட்டிய ஒரு சோதனை உண்டு: 2008 டிராஃப்ட். தடுப்பாட்டக்காரர்களுக்கு அப்படி ஓர் ஆண்டு மறுபடி வருமா தெரியாது. இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடம்வரை நாலும் தடுப்பாட்டக்காரர்களே: டௌட்டி, பொகோசியன், பியட்ராஞ்சலோ, ஷென். டௌட்டி, பொகோசியன், ஷென் மூவரும் அந்த அக்டோபரிலேயே என்.எச்.எல்-இல் இறங்கினார்கள். பியட்ராஞ்சலோவை மட்டும் செயின்ட் லூயிஸ் அணி எட்டு ஆட்டம் பார்த்துவிட்டு ஜூனியருக்குத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு ஒன்பது ஆட்டம் பார்த்தது, மறுபடியும் அனுப்பியது. நாலாவதாக எடுத்த ஆளை இரண்டு தடவை! இன்று எந்த அணியாவது அப்படிச் செய்தால் ரசிகர்கள் மேலாளரின் தலையைக் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டு நிலையாக வந்தவர் 2019-இல் அதே அணிக்குத் தலைவராக, என்.எச்.எல். வெற்றியாளருக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

டொரண்டோப் பக்கம் இருக்கிறவன் என்பதால் எனக்கு ஷென் கதைதான் உறுத்துகிறது. அவரை எடுப்பதற்காகவே டொரண்டோ மேலும் சில தேர்வுகளைக் கொடுத்து ஏழாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. அப்போது அணி நொடித்துக் கிடந்தது. நகரத்துக்கு ஒரு நம்பிக்கை தேவைப்பட்டது. 18 வயதுப் பையன் 70 ஆட்டங்கள் ஆடினார். உடம்பு இருந்தது, மோதினார், பக்குக்கு முன்னால் விழுந்து தடுத்தார். புதுமுகங்களின் கனவு அணியிலும் இடம் கிடைத்தது. எல்லாரும் இவர்தான் அடுத்த தலைவர் என்றார்கள். நாலே பருவத்தில், 2012-இல், பிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜூனியரில் அவரோடு கெலோனா அணியில் ஆடிய டைலர் மையர்ஸ் அதே டிராஃப்டில் 12-ஆம் இடத்தில் போனவர். பஃபலோ அவரைக் கெலோனாவுக்கே திருப்பி அனுப்பியது. ஒரு பருவம் அங்கே மூத்தவராக நின்று ஆடி, மேற்கு ஜூனியர் லீகின் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டு என்.எச்.எல்-க்கு வந்து 48 புள்ளிகள். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதும் அவருக்கே.

நியாயமாகச் சொன்னால் ஷென் வீணாகப் போகவில்லை. 29 வயதில் ஏ.எச்.எல். என்ற இரண்டாம் நிலை லீகுக்கு இறங்கிப் போய், அங்கிருந்து மீண்டு வந்து, டம்பா அணியோடு 2020, 2021 என்று இரண்டு கோப்பைகளை வென்றார். 2020 டம்பா அணியில் பொகோசியனும் இருந்தார் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு. ஆனால் டொரண்டோ எந்த ஷென்னுக்காகத் தேர்வுகளைக் கொடுத்ததோ, அந்த ஷென் வரவே இல்லை. டௌட்டியைக் காட்டி என்னை மடக்கலாம். 18-இல் வந்து நின்றவர், 2016-இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதும் வாங்கினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே டிராஃப்டில் 15-ஆம் இடத்தில் போன கார்ல்சன் ஒரு வருடம் சுவீடனிலேயே இருந்துவிட்டு வந்து மூன்று நாரிஸ் வாங்கியிருக்கிறார். 38-ஆம் இடத்தில் போன யோசி சுவிட்சர்லாந்தில் இரண்டு ஆண்டுகள், பிறகு மில்வாக்கியில் ஏ.எச்.எல்., அதற்குப் பிறகுதான் நாஷ்வில். 2020-இல் அவருக்கும் நாரிஸ். காத்திருந்ததால் கெட்ட ஒருவரை அந்தப் பட்டியலில் எனக்குக் காட்டுங்கள்.

2008 பழங்கதை, இப்போது பையன்கள் வேறு என்பது அடுத்த வாதம். கேல் மகார் 2017-இல் நாலாம் இடம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் ஆடினார். 2019 ஏப்ரலில் கல்லூரி இறுதிப் போட்டி முடிந்த இரண்டாம் நாள் கொலராடோவுக்காக பிளேஆஃபில் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) இறங்கி, முதல் ஆட்டத்திலேயே கோல். டெட்ராய்ட் எடுத்த ஜெர்மன் பையன் மோரிட்ஸ் சைடர் ஏ.எச்.எல்-இல் ஒரு பருவம், சுவீடன் லீகில் ஒரு பருவம். பிறகு வந்து 82 ஆட்டங்களில் 50 புள்ளிகள், கால்டர். எட்மன்டனின் பூஷார் ஏழு ஆட்டங்களுக்குப் பின் ஜூனியருக்குத் திரும்பியவர், அடுத்த பருவம் ஏ.எச்.எல்-இல் இருந்தவர். 2024 பிளேஆஃபில் அவர் எடுத்தது 32 புள்ளிகள்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் எனக்கு உண்மையாகவே வலுவானதாகப் படுகிறது. ஜூனியரை மிஞ்சிவிட்ட பையன் அங்கே திரும்பிப் போய் என்ன கற்பான்? கால்கரி எடுத்த ஸெய்ன் பரேக் டிராஃப்ட் ஆண்டில் 33 கோல் அடித்தார். திருப்பி அனுப்பினார்கள், மறுபடி 33 கோல், மொத்தம் 107 புள்ளிகள். தடுப்பாட்டக்காரர்! அவருக்கு அங்கே யார் பாடம் எடுப்பது? பக்கை வைத்துக்கொண்டு ஆறு பேரைச் சுற்றி வருவதும், திரும்பி ஓடாமல் சோம்பி நிற்பதும் பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு. அப்படியானால் அடுத்த படியான ஏ.எச்.எல்-க்கு அனுப்பலாமே என்றால், அங்கேதான் விதி குறுக்கே நின்றது. கனடா ஜூனியர் லீகுகளிலிருந்து எடுக்கப்படும் பையன், 20 வயது ஆகும் வரை அல்லது அங்கே நாலு பருவம் முடிக்கும் வரை ஏ.எச்.எல்-இல் ஆட முடியாது என்பது என்.எச்.எல். அந்த லீகுகளோடு செய்துகொண்டிருந்த ஒப்பந்தம். சைடருக்கு 18 வயதில் ஏ.எச்.எல். கிடைத்தது, ஏனென்றால் அவர் ஜெர்மன் லீகிலிருந்து வந்தார். ஆன்டாரியோவில் ஆடிய பரேக்குக்கு 19 வயதிலும் அந்த வழி இருக்கவில்லை. அதனால்தான் 2025 அக்டோபரில் கால்கரி அவரை என்.எச்.எல். அணியிலேயே வைத்துக்கொள்ள நேர்ந்தது. தயாராக இருந்தாரா என்பதை விட, வேறு போக்கிடம் இல்லை என்பதே அந்த முடிவில் பெரிய பங்கு என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஒன்பது ஆட்டச் சோதனை இன்னொரு கூத்து. ஒன்பது ஆட்டம் வரை ஆடவிட்டுப் பார்க்கலாம். பத்தாவதில் இறக்கினால் அவருடைய மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு கழிந்துவிடும். ஆக எல்லா அணிகளும் அக்டோபர் மாதத்தை வைத்தே தீர்ப்பு எழுதுகின்றன. அக்டோபரில் எல்லாருமே துரு ஏறிப்போய் ஆடுகிறார்கள். பயிற்சியாளரும் பையனை எதிரணியின் முதல் வரிசைக்கு முன்னால் நிறுத்தாமல் ஒளித்து ஒளித்து ஆடவிடுகிறார். நாலு புள்ளி வந்தால் பத்திரிகையில் படம். ஜனவரியில், அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஊர்களில் ஆட்டம், தோளில் வீக்கம், எதிரணிகளிடம் அவரைப் பற்றிய வீடியோ குவிந்திருக்கிறது. அந்தப் பரீட்சையை யாரும் முன்கூட்டி வைக்க முடியாது. எனக்கு வேண்டியது வேறு தகவல். அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது, கடைசி இரண்டு நிமிடம், எதிரணி தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்குகிறது. அப்போது பயிற்சியாளர் அந்தப் பையனை அனுப்புகிறாரா, பெஞ்சில் உட்கார வைக்கிறாரா? உட்கார வைத்தால், வாய் என்ன சொன்னாலும் மனதுக்குள் பதில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

18-இல் வந்து நின்றவர்களுக்கு இன்னொரு பலமும் இருந்தது. ஆரன் எக்பிளாட் 2014-இல் புளோரிடாவுக்கு வந்து அதே பருவத்தில் கால்டர் வாங்கியவர். பனித்தளத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் அனுபவசாலியான பிரையன் கேம்ப்பெல். இரவு தங்கியது அணித்தலைவர் வில்லி மிட்செலின் வீட்டில். ஷேஃபரும் நியூயார்க்கில் முன்னாள் வீரர் மேட் மார்ட்டினின் குடும்பத்தோடுதான் இருந்தார். முந்தைய ஆண்டுதான் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பையனை வெறும் அடுக்குமாடி வீட்டில் தனியாக விடாத அளவுக்கு அந்த அணிக்கு அறிவு இருந்தது. வேறு அணிகளின் ரசிகர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

2026-27 பருவத்திலிருந்து என்.எச்.எல்-க்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான புதிய தொழிலாளர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருகிறது. அதன்படி ஒவ்வொரு என்.எச்.எல். அணியும் ஜூனியரிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவரை ஏ.எச்.எல்-இல் ஆடவிடலாம். தாமதமாக வந்தாலும் நல்ல விதி. ஆனால் ஏன் ஒருவர்? ஓர் அணியில் முன்கள வீரர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் ஒருவர் என்று இரண்டு பேர் அந்த நிலையில் இருந்தால், கோல் அடிக்கிறவனுக்கே இடம் போகும். ஜூனியர் அணிகளின் முதலாளிகள் தங்கள் நட்சத்திரங்கள் போனால் டிக்கெட் விற்காது என்று பயப்படுவது புரிகிறது. அதற்குப் பையனின் இரண்டு வருடத்தை அடமானம் வைப்பது எந்த ஊர் நியாயம்? இழப்பீட்டுத் தொகையைக் கூட்டிக் கேட்கட்டும், என்.எச்.எல்-இல் பணத்துக்கா பஞ்சம். இந்த ஒப்பந்தம் 2030 வரை ஓடும். அடுத்த பேச்சுவார்த்தையில் தடுப்பாட்டக்காரருக்கென்று தனியாக இன்னோர் இடம் கேட்டு வாங்குவது வீரர்கள் சங்கத்தின் பொறுப்பு.